எழவு ரேடியோவின் எட்டாவது பாட்டு

அரியலூரில் அந்தக் காலத்தில் யாரும் தானாகச் செத்ததில்லை. மூச்சு நின்றிருக்கும், டாக்டர் கையை விரித்திருப்பார், அழுகைச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஆனாலும் எழவு ரேடியோ என்று நாங்கள் கூப்பிட்ட மனிதர் ஆட்டோவில் வந்து, தன் வாயால் பெயரைச் சொன்ன பிறகுதான் ஊர் அந்த ஆளை இறந்தவராக ஒப்புக்கொள்ளும். அதுவரைக்கும் "ரொம்ப முடியலையாம்" என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அரியலூர் ஒரு தடவை தனி மாவட்டமாகி, ஆபீஸ்களுக்கு போர்டு மாட்டி முடிப்பதற்குள் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டுவிட்ட காலம் அது. நாங்கள் மாவட்டமா இல்லையா என்பதிலேயே எங்களுக்குக் குழப்பம். குழப்பமில்லாத விஷயங்களும் இருந்தன. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் கண்மண் தெரியாமல் ஓடின. அந்த லாரிகளின் புண்ணியத்தில் எழவு ரேடியோவுக்கு வேலை குறையாமல் இருந்தது.

பெரிய ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை தெரியாது. அவர்கள் பேப்பரில் படம் போட்டு முடித்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாருமாகிய இன்னார் காலமானார், நல்லடக்கம் இத்தனை மணிக்கு. இதில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் போச்சு. பெயர் விடுபட்ட மருமகன் சாவுக்கு வர மாட்டான், வந்தாலும் சண்டைக்குத்தான் வருவான். எங்கள் தெருக்களோ குட்டையானவை. அவர் ஆட்டோவை ஓட்டுகிறவனோ பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறவன், எங்கேயும் நிற்க மாட்டான். ஆக, தெரு முடிவதற்குள் மூன்று தலைமுறையையும் ஒரே மூச்சில் சொல்லி, ஆளையும் அடக்கம் பண்ணிவிட வேண்டும்.

வருடக்கணக்காக இதையே செய்ததில் அவர் நாக்கு வேறு மாதிரி ஓடப் பழகிவிட்டது. டீக்கடையில் கூட, "மாஸ்டர் சர்க்கரை கம்மி டிக்காஷன் தூக்கல் ஆத்தாம ஒரு டீ" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று வாய் தானாக முடித்துவிடும். மாஸ்டரும் வருத்தத்துடனே டீயைக் கொடுப்பார்.

உயிரோடு இருப்பவர்களையும் அவர் விடுவதில்லை. என் சித்தப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நலம் விசாரித்தார். பழத்தை உரித்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "உங்க மூணாவது மருமவன் பேரு என்னங்க? இனிஷியலோட சொல்லுங்க," என்றார். சித்தப்பா அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார், நன்றாகவே இருந்தார். எழவு ரேடியோவால் பிழைத்த ஒரே ஆள் அவர்தான்.

இந்த வேலையில் பாதி அவர் மனைவி வசந்தா அக்காவுடையது. அக்கா சாவு வீட்டுக்குள் போவார். பெண்களோடு உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுவார். எழுந்து வரும்போது அந்தக் குடும்பத்து உறவுமுறை முழுவதும் அவர் மனசில் வரிசையாக ஏறியிருக்கும். ஆட்டோவில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, இவர் மைக்கில் சொல்லிக்கொண்டே போவார். எந்த மருமகன் கோபக்காரன், எந்தத் தம்பியின் பெயரை முதலில் சொன்னால் வம்பு வராது என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். "எனக்குத் தொண்டை மட்டும்தான் தம்பி, மண்டை அவ," என்பார் எழவு ரேடியோ. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு காலையில் வசந்தா அக்கா ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டைக் கடந்தபோது கல் லாரி அடித்துவிட்டது. அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்றைக்கும் எழவு ரேடியோ ஆட்டோவில் ஏறினார். சட்டை மாற்றிக்கொண்டு, மைக்கைத் துண்டால் துடைத்து, சுவிட்சைப் போட்டார். ஆட்டோ ஊர் முழுக்கச் சுற்றியது. ஸ்பீக்கரில் உய்யென்ற இரைச்சல் மட்டும் வந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. மைக் ரிப்பேர் போலிருக்கிறது என்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் திருமழபாடி. சாவு விழுந்தால் பிறந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்வதுதான் முதல் வேலை. அன்றைக்கு ஒருவரும் போகவில்லை. எழவு சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிற மனுஷன் தன் மச்சானுக்குச் சொல்லாமலா இருப்பார் என்று ஊரே சும்மா இருந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்துக் கொடுத்த உடம்பை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்ல, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு அண்ணன்காரருக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பிறந்த வீட்டிலிருந்து கடைசியாகப் போர்த்துகிற கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு வந்தவர், காலிப் பந்தலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஊரு எழவையெல்லாம் சொன்னீங்க மாப்ள. என் தங்கச்சி எழவ எனக்குச் சொல்லலியே."

தண்ணீர்கூடக் குடிக்காமல், சேலைப் பையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அற்றுப்போனது.

எழவு ரேடியோ மறுபடி வேலைக்குப் போனார், அடுத்தவர் சாவையெல்லாம் பழையபடி சொன்னார். மனைவி சாவைச் சொல்ல வேண்டும், அது மச்சான் காதில் விழ வேண்டும் என்பது மட்டும் அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. "ஒரு தடவ சொல்லிட்டா போதும் தம்பி. வாய் வர மாட்டேங்குது," என்பார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலும் ஆகாது. டீ வாங்கிக் கொடுப்பேன்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். சிடி வந்து, அதிலும் ஒரே தட்டில் நூறு பாட்டு அடங்கும் சிடி வந்து, என் கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் வருவதில்லை. ஒருநாள் உடையார்பாளையத்துப் பையன் ஒருவன் மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு வந்து, அந்த ஊர்த் தமிழ்ப் பையன்கள் பாடின கேசட் ஒன்றைக் காப்பி போடக் கொடுத்தான். நான் ஓடவிட்டேன். வாசலில் ஆட்டோவை நிறுத்தி பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எழவு ரேடியோ உள்ளே வந்து காதைக் கொடுத்தார்.

"யாருக்குத் தம்பி எழவு சொல்றான் இந்தப் பய?"

"எழவு இல்லண்ணே. இது ராப்பு. பாட்டு."

"பாட்டுன்னா ராகம் எங்க?"

"ராகம் கெடையாது. தாளத்துக்குத் தக்கனபடி வேகமா பேசுறதுதான்."

மறுபடி போடச் சொன்னார். முழுவதையும் நின்றபடியே கேட்டார். பிறகு என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா நான் என்னத்தத் தம்பி பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

அப்படித்தான் அந்தக் கேசட் தொடங்கியது. லாரியில் அடிபட்டுச் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு பாட்டு. மொத்தம் எட்டு. எட்டாவது வசந்தா அக்காவுக்கு. "ஏழு பேருக்குச் சொன்னா அந்த வேகத்துலயே எட்டாவதையும் சொல்லிடுவேன். பள்ளத்துல எறங்குற வண்டி நிக்காதுல்ல," என்றார். "சொன்னதும் மொதக் கேசட்ட மச்சான்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துருங்க." கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் கடையில் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்.

செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உத்தரவு கேட்டார். ஆறு வீட்டில் சம்மதித்தார்கள். ஏழாவதாக ஒரு ஆள் தானாகவே கடைக்கு வந்தார். லாரியில் அடிபட்டது அவருடைய கிடா. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தாராம், அதற்கும் ஒரு பாட்டு வேண்டுமாம். நான் சிரித்துவிட்டேன். எழவு ரேடியோ சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, "அதோட தகப்பனாரு பேரு தெரியுங்களா?" என்று கேட்டார்.

கடையில் பதிவு செய்ய முடியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் லாரி ஹாரன் வந்து விழுந்தது. செத்தவனைப் பற்றிச் சொல்லும்போது கொன்றவன் குறுக்கே பேசுகிற மாதிரி இருந்தது. அதனால் ஊருக்கு வெளியே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புப் பள்ளம் ஒன்றில் ஆட்டோவை இறக்கினோம். சுற்றிலும் வெள்ளைப் பாறை, அதில் சோழிகளும் கிளிஞ்சல்களும் கல்லாகிப் பதிந்திருந்தன. எப்போதோ அங்கே கடல் இருந்ததாம். எங்கள் காலத்தில் அந்தப் பக்கம் குடிதண்ணீரே லாரியில்தான் வந்தது. ஆட்டோவை நியூட்ரலில் ஓடவிட்டால் டுக்கு டுக்கு என்று ஒரு தாளம் வரும். முறுக்கினால் ஏறும், விட்டால் இறங்கும். எங்களுக்கு வாத்தியம் அது ஒன்றுதான். மூன்றாவது பாட்டு இப்படிப் போகும்:

கீழப்பழுவூரு மேலத்தெரு சைக்கிளு கடை கோவிந்தன்
காத்தடிக்கப் பம்பு எடுத்தாரு, கல்லு லாரி உள்ள வந்துது
பஞ்சர் ஒட்டுன கையி ரோட்டுல, பாதி டீயி கிளாசுல
மூத்த மருமகன் முத்துசாமி, எளைய மருமகன் ஏழுமலை
எங்க இருந்தாலும் வந்து சேரவும், எடுக்குற நேரம் நாலு மணி

பள்ளத்துப் பாறையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வரும்போது, அந்த வெயிலிலும் எனக்குக் கை மயிர் நட்டுக்கொள்ளும்.

எட்டாவது பாட்டுக்கு ஆட்டோ ஓடியது. டேப் ஓடியது. எழவு ரேடியோ மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். நான் டேப்பை நிறுத்தவில்லை, எந்த நொடியும் வந்துவிடும் என்று நினைத்தேன். கேசட் தீரும் வரை இஞ்சின் சத்தம் மட்டும்தான் அதில் ஏறியது.

"அழிச்சிராதீங்க தம்பி. இன்னொரு நாளைக்கு வாய் வந்தா அதுமேலயே பேசிடுறேன்," என்றார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. கிடாக்காரர் தினமும் காலையில் கடை திறக்கும் முன்னாலேயே வந்து, "கேசட்டு எங்க?" என்று உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் அப்படியே வெளியிட்டோம். மேலட்டை அச்சடித்தவர் அதுவரை சாவு போஸ்டரைத் தவிர வேறெதுவும் அடித்ததில்லை. 'கண்ணீர் அஞ்சலி' என்று கேசட்டின் பெயரைச் சொன்னதும் அவர் மேற்கொண்டு ஒன்றுமே கேட்டுக்கொள்ளவில்லை. எழவு ரேடியோ படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டி, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, தோற்றம், மறைவு என்று போட்டு, மறைவுக்கு எதிரில் ஒரு கோடு விட்டிருந்தார். "அப்புறமா நெரப்பிக்கலாம்," என்றார். அந்த அட்டையைக் கடை வாசலில் ஒட்டிய அன்று மூன்று பேர் மாலையோடு வந்தார்கள்.

இனி விமர்சகர்களுக்கு வருகிறேன். அந்தக் கேசட்டுக்கு வந்த முதல் விமர்சனம் பெரம்பலூர் போகும் மினி பஸ்ஸில் கிடைத்தது. டிரைவர் சினிமாப் பாட்டு சலித்துப்போய் இதைப் போட்டிருக்கிறார். அதில் குன்னம் ராமசாமிக்கு ஒரு பாட்டு உண்டு. பஸ்ஸில் இருந்த ஜனங்கள் அதைப் பாட்டு என்றே நினைக்கவில்லை, யாரோ எழவு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார்கள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள், வேன் பிடித்தார்கள். குன்னத்தில் ராமசாமி என்று இன்னொருவர் இருந்தார். உயிரோடு. மாலையும் ஒப்பாரியுமாக வேன் வந்து நின்றபோது அவர் வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் என் கடையில் வந்து நின்றார். கையில் ஒரு மாலை. பாதி மீசை இல்லை. அதிர்ச்சியில் வழித்துவிட்டாராம்.

"உசுரோட இருக்கவனுக்கு எழவு சொல்லிட்டீங்களேப்பா."

எழவு ரேடியோ எழுந்து கும்பிட்டு, அது வேறு ராமசாமி என்று விளக்கினார். ராமசாமி காதில் வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன். யாரு யாரு வருவான்னு நேத்து தெரிஞ்சுபோச்சு. என் மூத்த மவன் வரல. பக்கத்து ஊருலதான் இருக்கான், சேதி போயிருக்கு, வரல." மாலையை மேஜை மேல் வைத்தார். "ஒரு கேசட்டு குடுங்க."

ஜெயங்கொண்டம் மெக்கானிக் ஒருவர் எட்டாவது பாட்டை மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு, "பாட்டு பரவால்ல. ஆனா இஞ்சின்ல டேப்பட் சத்தம் கேக்குது, உடனே பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தோம், அவர் சொன்னது சரிதான். லாரிகள் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். "லாரியில அடிபட்டுத்தான் எல்லாரும் சாவுறாங்களா? மஞ்சக்காமாலையில சாவல? அதையும் பாடு," என்றார். அவர் போன மறுநாள் ஆட்டோவின் ஸ்பீக்கரை யாரோ கல்லால் நசுக்கியிருந்தார்கள். புது ஸ்பீக்கர் வரும்வரை எழவு ரேடியோ வெறும் தொண்டையால் எழவு சொன்னார், எங்களுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு மறக்க முடியாத விமர்சகன் ஒரு லாரி டிரைவர். மத்தியான நேரத்தில் வந்தான், சின்ன வயசு, மூன்றாவது பாட்டை மட்டும் போடச் சொன்னான். போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிந்ததும், "பிரேக்கு புடிக்கலைங்க. ஓனர்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். அது பாட்டுல வரலியே," என்றான். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த எழவு ரேடியோ எழுந்து வந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் நடுவில் போய் நின்றேன்.

"சொன்னியா? நெசமா சொன்னியா?"

"சொன்னேங்க. லோடு எறக்கிட்டுப் பாத்துக்கலாம்னாரு."

"சரி," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்துக்குப் போய் மூன்றாவது பாட்டை மறுபடி பதிவு செய்தோம். 'பிரேக்கு இல்லன்னு சொன்னவன் ஓட்டுனான், கேட்டவன் வூட்டுல தூங்குனான்' என்று ஒரு வரி கூடியது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் சொன்னார்: "வசந்தாவ அடிச்சவனும் வந்து கேட்டா சேத்துக்குவேன் தம்பி. மொதல்ல நான் சொல்லணுமே."

அந்தக் கேசட் எப்படியோ சென்னைக்குப் போய், ஒரு சிறுபத்திரிகை விமர்சகர் கையில் சேர்ந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். தமிழில் இதுவரை வராத நிலத்தடி இசை என்றார். "பள்ளத்துல எடுத்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று எழவு ரேடியோ ஆச்சரியப்பட்டார். கட்டுரையில் பாதி எட்டாவது பாட்டைப் பற்றியே இருந்தது. சொல்லின் மரணத்தைச் சொல்லாமலே அறிவிக்கும் மௌனம் என்றும், மொழி தோற்கும் இடத்தில் கலை ஜெயிக்கிறது என்றும் இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன்.

"என்ன சொல்றாரு தம்பி?"

"நீங்க கடைசியில பேசாம இருந்தது ரொம்ப நல்லா இருந்துதாம்."

"நல்லா இல்லியே தம்பி," என்றார்.

மச்சானுக்கு உரிய கேசட்டை நானேதான் திருமழபாடிக்குக் கொண்டுபோனேன். எட்டாவது பாட்டு உங்கள் தங்கைக்கு என்று மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கையில் வாங்கி அட்டையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கட்டுரை வந்த சூட்டோடு பெரம்பலூரில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் விமர்சனக் கூட்டம் ஏற்பாடு செய்தார். உரக்கடைக்கு மேலே ஒரு ஹால். யூரியா வாசனைக்கு நடுவில் இலக்கியம். சென்னை விமர்சகரும் வந்திருந்தார். முன்வரிசையில் குன்னம் ராமசாமி முழு மீசையோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிடாக்காரர். திருமழபாடி பஸ் கண்டக்டரிடம் சொல்லி மச்சானுக்கும் தகவல் அனுப்பியிருந்தேன், வருவார் என்று நம்பவில்லை.

பேராசிரியர் எழுந்து எதுகை உண்டு, மோனை போதாது என்றார். ழகரம் எல்லா இடத்திலும் ளகரமாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். கிடாவைப் பற்றிய பாட்டில் மட்டும் யாப்பு ஓரளவு நிற்கிறது என்றதும் கிடாக்காரர் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அடுத்து விமர்சகர் எட்டாவது பாட்டின் மௌனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார், மனசிலிருந்து பேசினார். மேடையில் எழவு ரேடியோ, குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் போலத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மச்சான்தான்.

"ஐயா, எட்டாவது பாட்டு என் தங்கச்சிக்குன்னு சொல்லிக் கேசட்டு குடுத்தாங்க. டீக்கடையில போடச் சொல்லிக் கேட்டேன். மறுநாளும் போய்க் கேட்டேன். அதுல ஒண்ணுமே இல்லீங்களே."

விமர்சகர் கனிவாகச் சொன்னார்: "அந்த ஒண்ணுமில்லாததுதான் ஐயா அதோட அர்த்தம். அந்த வெறுமைதான் உங்க தங்கச்சி."

"வெறுமை இல்லீங்க," என்றார் மச்சான். "வசந்தா."

எழவு ரேடியோ எழுந்தார். மைக்கைக் கையில் எடுத்தார், பழக்கதோஷத்தில் ஒரு தட்டு தட்டினார். வாயைத் திறந்தார். பள்ளத்தில் நின்ற மாதிரியே நின்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

"திருமழபாடி," என்றார் மச்சான், பின்னாலிருந்தே.

"திருமழபாடி," என்றது ஸ்பீக்கர்.

"தங்கவேலு மகளும்."

"தங்கவேலு மகளும்."

"என் பேரச் சொல்லுங்க. என் தங்கச்சின்னு சொல்லுங்க."

சொன்னார். அடுத்து கணவன் பெயர் வர வேண்டும். அதை மச்சான் எடுத்துக்கொடுக்கவில்லை, இவரே சொன்னார். அவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அக்காவின் எழவில் சொன்ன பெயர், பத்திரிகையில் போட எனக்கு மனசு வரவில்லை.

"மனைவியுமாகிய வசந்தா," என்றார். "கல் லாரி மோதி, காலமாகிவிட்டார்." வாழ்நாளில் அவர் அவ்வளவு மெதுவாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. "அன்னாரது நல்லடக்கம்," என்றவர் அங்கே நின்றுவிட்டார். எழவு சொன்னால் எடுக்கிற நேரம் சொல்லித்தான் முடிக்க வேண்டும். எடுத்துப் புதைத்துப் புல் முளைத்துவிட்ட உடம்புக்கு என்ன மணி சொல்வது?

மச்சான் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பொறந்த வூட்டு ஆளுங்க வந்ததும் எடுக்கப்படும்னு சொல்லுங்க மாப்ள," என்றார். "நான் வந்துட்டேன்."

எழவு ரேடியோ அப்படியே சொன்னார், ஒரு எழுத்து பிசகாமல். சொல்லிவிட்டு மைக்கை மேஜையில் வைத்தார். பிறகு அந்த ரெண்டு பேரும் அழுதார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மேடையில் ஒருவர், கீழே ஒருவர், அப்படியே நின்று அழுதார்கள். கிடாக்காரர் சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன், எனக்கு அழுகிறவர்களைக் கண்டாலும் ஆகாது, அன்று ஆனது. சென்னை விமர்சகர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மச்சானுக்குப் பக்கத்தில் போட்டார். பேராசிரியர் நன்றியுரையை விட்டுவிட்டார்.

என் மடியில் டேப் ரெக்கார்டர் இருந்தது. கூட்டத்தைப் பதிவு செய்யத்தான் கொண்டுபோயிருந்தேன். அந்த நேரத்தில் பட்டனை அழுத்தத் தோன்றவில்லை. அதனால் எட்டாவது பாட்டு இன்றைக்கும் எல்லாக் கேசட்டிலும் காலியாகத்தான் இருக்கிறது. யாரிடமாவது அந்தக் கேசட் இருந்து, மௌனத்தைப் பாராட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் பாராட்டிக்கொள்ளட்டும்.

அரியலூர் மறுபடியும் மாவட்டமானது. என் கடை போய்விட்டது. லாரிகள் போகவில்லை. இப்போதெல்லாம் பதிவு செய்த குரல் ஆட்டோவில் தனியாகச் சுற்றுகிறது, யார் செத்தாலும் ஒரே மாதிரி வருத்தப்படுகிறது. எழவு ரேடியோ திருமழபாடியில் மச்சான் வீட்டில் இருக்கிறார். தேடி வந்து கேட்கிறவர்களுக்கு மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்.

என் முறை வரும்போது அவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் உங்களைவிட எவ்வளவோ பெரியவர், நடக்கிற காரியமா என்கிறாள் மனைவி. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன், எனக்குப் பிறகும் அந்த மனுஷன் இருக்கட்டும்.